பைரனீஸ் மலைத்தொடர்: முகடு ஓரிடம், எல்லைக்கல் ஓரிடம்

கேள்வி இதுதான்: "பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் இயற்கை எல்லை பைரனீஸ் என்று பள்ளிப் புவியியலில் ஒரே வரியில் படித்தோம். அது உண்மையா? அந்த மலை எப்படி உண்டானது, அங்கே என்ன வரலாறு நடந்தது? பார்க்கப் போவதானால் எந்தப் பக்கம் போவது?"

அந்த ஒரு வரி பாதி சரி. மலை இருக்கிறது, நடுப்பகுதியில் அதைக் கடப்பது கஷ்டம், இரண்டும் உண்மை. ஆனால் 'இயற்கை எல்லை' என்பது 1659இல் இரண்டு அமைச்சர்கள் ஓர் ஆற்றுத் தீவில் உட்கார்ந்து எழுதிக்கொண்ட விஷயம். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஒரே அரசகுலம் மலையின் இருபுறமும் ஆண்டிருக்கிறது. அதற்குப் பின்னும் எல்லைக்கோடு முகட்டை விட்டு இங்கும் அங்கும் விலகித்தான் ஓடுகிறது. ஏன் விலகியது என்று தேடிப் போனாலே இந்த மலையின் புவியியலும் வரலாறும் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். மேற்கே அட்லாண்டிக்கின் பிஸ்கே விரிகுடாவில் தொடங்கி, கிழக்கே மத்தியதரைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிரெயுஸ் முனை வரை சுமார் 430 கி.மீ. மேற்கு ஓரம் பாஸ்க் நாடு. மழை ஓயாத, பச்சைப் பசேலென்ற குன்றுகள், ஆட்டு மந்தைகள். கிழக்கு ஓரம் கத்தலோனியா. வெயில், திராட்சைத் தோட்டம், தக்கை மரக்காடு. இரண்டு ஓரங்களிலும் மலை தாழ்ந்துதான் இருக்கிறது. கிழக்கே லெ பெர்த்துஸ் கணவாய் வெறும் 290 மீட்டர். மேற்கே ரோன்செஸ்வாயெஸ் பக்கத்து இபான்யேட்டா கணவாய் 1,057 மீட்டர். இன்றைக்கும் இரு நாடுகளுக்கிடையிலான லாரிகளில் பெரும்பகுதி இந்த இரு ஓரங்களின் நெடுஞ்சாலைகளில்தான் ஓடுகிறது.

நடுப்பகுதி வேறு உலகம். துணைச் சிகரங்களையும் சேர்த்தால் 3,000 மீட்டரைத் தாண்டுபவை இருநூறுக்கு மேல் இருக்கின்றன. உயரம் என்று பார்த்தால் ஆல்ப்ஸ் மலைக்கு முன் இது சிறிசுதான். ஆனால் ஆல்ப்ஸில் ஆறுகள் மலையை ஆழமாக அறுத்து உள்ளே வழிவிட்டிருக்கின்றன. இங்கே நடுப்பகுதி முழுக்க ஒரே நெட்டாக நிற்கிறது. 1,600 மீட்டருக்குக் கீழே கணவாய் கிடைப்பது அரிது. 1,632 மீட்டரில் இருக்கும் சோம்போர்தான் அங்கே சுலபமான வழி என்று பெயர் வாங்கியது என்றால் மற்றவை எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உயரமான மூன்று சிகரங்கள் அனெட்டோ (3,404 மீட்டர்), போசெட்ஸ், மோன்டே பெர்டிடோ. மூன்றுமே எல்லை முகட்டில் இல்லை, தெற்கே தள்ளி முழுக்க ஸ்பெயினுக்குள் நிற்கின்றன. பிரான்சுக்குக் கிடைத்த மிக உயரமான சிகரம் எல்லையிலேயே நிற்கும் விஞ்ஞமால், 3,298 மீட்டர். மலைத்தொடரின் மூன்றில் இரண்டு பங்கு ஸ்பெயின் பக்கம்தான். வடக்கே மலை திடீரென்று இறங்கிச் சமவெளியில் முடிந்துவிடும். தெற்கே அடுக்கடுக்காக, ஒரு தொடருக்குப் பின் இன்னொரு தொடராக, எப்ரோ ஆற்றுச் சமவெளி வரை இழுத்துக்கொண்டே போகும். அட்லாண்டிக் மேகம் பெரும்பாலும் வடக்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் அந்தப் பக்கம் பீச் மரக்காடும் மூடுபனியும். தெற்கே பைன் மரம், காய்ந்த பாறை, ஆழமான செங்குத்துப் பள்ளத்தாக்கு. கோடையில் சுரங்கச்சாலை வழியாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால், தூறலில் உள்ளே நுழைந்து பத்து நிமிடத்தில் வெயிலில் வெளியே வரலாம்.

சரி, மலை எப்படி எழுந்தது? ஐபீரியத் தட்டு, அதாவது இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் நிலத்துண்டு, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசிய காலத்தில் பிரான்சின் மேற்குக் கரையை விட்டு விலகி, கீலில் கதவு திரும்புவது போல எதிர்க்கடிகாரத் திசையில் திரும்பியது. விலகிய இடத்தில் பிஸ்கே விரிகுடா திறந்தது. பின்னர் தெற்கிலிருந்து ஆப்பிரிக்கா நெருக்க, ஐபீரியா வடக்கே தள்ளப்பட்டு ஐரோப்பியத் தட்டில் மோதி அதன் அடியில் செருகத் தொடங்கியது. மோதல் ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்தது. நடுவில் இருந்த ஆழமற்ற கடல்களின் படிவுகள் மடிந்து, உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மலையாயின. அனெட்டோ நிற்கும் மலடேட்டாப் பகுதியின் கருங்கல் மட்டும் அதைவிடப் பழையது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு மலையாக்கத்தின் மிச்சம். புது நெருக்கலில் அதுவும் சேர்ந்து மேலே வந்துவிட்டது.

மோன்டே பெர்டிடோ அப்படியல்ல, சுண்ணாம்புக்கல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரமோன் தெ கார்போனியேர் என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதற்காகவே அந்தச் சிகரத்தை விரட்டி விரட்டி ஏறினார். மலைத்தொடரின் மைய உச்சி ஆதிகாலக் கருங்கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து அறிஞர்கள் பலரின் கணக்கு. இவருக்கோ போகும் வழியெல்லாம் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைத்தன. 1797இலேயே முயன்றார், 1802 ஆகஸ்டில்தான் உச்சி கிடைத்தது. அதிலும் அவருடைய வழிகாட்டிகள் இருவர் ஸ்பெயின் பக்கத்து அரகோன் பகுதி ஆட்டிடையர் ஒருவரின் துணையோடு சில நாள் முன்னதாகவே ஏறிவிட்டார்கள். புத்தகங்களில் பெயர் ரமோனுடையது.

அப்புறம் பனியாறுகள் வந்து செதுக்கின. அவை விட்டுப்போன பெரிய வேலைப்பாடு கவார்னி: மூன்று பக்கமும் சுமார் 1,500 மீட்டர் உயரப் பாறைச் சுவர், அதிலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் விழும் அருவி. இன்று மிஞ்சியிருக்கும் பனியாறுகள் 19ஆம் நூற்றாண்டு நடுவில் இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அனெட்டோவின் பனியாறு துண்டு துண்டாகிவிட்டது.

எல்லை விஷயத்துக்கு வருவோம். முகட்டின் இந்தப் பக்கம் விழும் தண்ணீர் உனக்கு, அந்தப் பக்கம் விழுவது எனக்கு என்பதுதான் மலை எல்லையின் வழக்கமான நியாயம். பைரனீஸில் தண்ணீரே அதை மதிப்பதில்லை. அனெட்டோவின் வடகிழக்குச் சரிவில் உருகும் பனிநீர் அய்குவாயுட்ஸ் என்ற புல்வெளியில் ஓடை ஓடையாகப் பரவி, அதன் ஓரத்தில் இருக்கும் பெரிய சுண்ணாம்புக் குழி ஒன்றுக்குள் விழுந்து மறைந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மற்ற நீரெல்லாம் ஏசெரா ஆற்றில் சேர்ந்து, எப்ரோ வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. குழிக்குள் போனது எங்கே போகிறது என்று நெடுநாள் சர்ச்சை. ஸ்பெயின் பக்கம் ஒரு நீர்மின் திட்டம் அந்த நீரைத் திருப்பப் பார்த்தபோது இது அரசியலாகவும் ஆனது.

நோர்பெர் காஸ்தெரெ என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் 1931 ஜூலையில் 60 கிலோ ஃபுளோரசின் சாயத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். மாலையில் சாயத்தைக் குழி நீரில் கொட்டினார்கள். மறுநாள் காலை, முகட்டுக்கு அந்தப் பக்கம், அரான் பள்ளத்தாக்குக் காட்டில் பாறையிடுக்கிலிருந்து பொங்கும் ஊற்று பளீரென்ற பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நீர் கரோன் ஆற்றில் சேரும். கரோன் தூலூஸ், போர்தோ வழியாக அட்லாண்டிக்கில் கலக்கும். ஒரே பனிவயலில் உருகிய நீரில் ஒரு பங்கு மலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்து வேறொரு பெருங்கடலுக்குப் போகிறது. முகட்டை அளந்து கோடு போடும் அதிகாரிக்கு இதைவிடப் பெரிய சங்கடம் இருக்க முடியாது.

அந்த அரான் பள்ளத்தாக்கே ஒரு விதிவிலக்கு. கரோன் பிறக்கும் இடம், வடக்கு நோக்கிச் சாயும் நிலம், மக்கள் பேசுவது தெற்குப் பிரான்சின் பழைய மொழியான ஆக்சிட்டானின் ஒரு வடிவம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பிரான்ஸ் பக்கம் விழ வேண்டியது. ஆனால் ஸ்பெயினில் இருக்கிறது. 1313இல் அரகோன் மன்னர் இரண்டாம் ஜைமே அவர்களுடைய மேய்ச்சல், காடு, தண்ணீர் உரிமைகளை எழுதிக்கொடுத்தார். அவர்கள் அவரோடு இருந்துவிட்டார்கள். 1948இல் வியேலா சுரங்கச்சாலை திறக்கும்வரை, குளிர்காலத்தில் தங்கள் சொந்த நாட்டுக்குப் போக அவர்களுக்கு வழியில்லை. பிரான்ஸ் பக்கச் சாலைதான் திறந்திருக்கும். மன்னரிடம் உரிமைப் பத்திரம் கிடைத்ததா என்பதுதான் இந்த மலையில் பல இடங்களில் நாட்டை முடிவுசெய்திருக்கிறது. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பது இரண்டாம்பட்சம்.

பழைய காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வடக்குச் சரிவின் நியோ குகையில் பதின்மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய காட்டெருமை, குதிரை ஓவியங்கள் இருக்கின்றன. கி.மு. 218இல் ரோமோடு போரிடப் போன கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் யானைகளோடு கிழக்கு ஓரமாகக் கடந்தார். ஆல்ப்ஸ் கடந்த கதைதான் எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன் அந்த யானைகள் ஏறிய மலை இது. ரோமானியர் அதே பக்கம் சாலை போட்டு, பனிசார்ஸ் கணவாயில் தங்கள் தளபதி பாம்பேயின் வெற்றிச்சின்னத்தை நட்டார்கள்.

778 ஆகஸ்ட் 15 சம்பவத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிராங்க் மன்னர் சார்லமேன் ஸ்பெயினில் போரிட்டுத் திரும்பும் வழியில் பம்ப்லோனா நகரின் மதில்களை இடித்துவிட்டுக் கிளம்பினார். ஆத்திரமடைந்த பாஸ்க் மக்கள் ரோன்செஸ்வாயெஸ் பக்கம் கணவாயில் மேலே காத்திருந்து, மூட்டைமுடிச்சுகளோடு கடைசியாக வந்த பின்படையை அடித்து நொறுக்கினார்கள். செத்தவர்களில் ஒருவர் வடமேற்குப் பிரான்சின் பிரித்தானி எல்லைப்பகுதியின் தளபதி ரோலண்ட். சுமார் மூன்று நூற்றாண்டு கழித்துக் காவியம் பாடியவர்கள், தாக்கியவர்களை முஸ்லிம் படையாக மாற்றிவிட்டார்கள். சிலுவைப்போர்க் காலத்துக்கு அந்தக் கதைதான் தேவைப்பட்டது. கவார்னி முகட்டில், 2,804 மீட்டர் உயரத்தில், வாசல் வெட்டியதுபோல் இருக்கும் இடைவெளியை ரோலண்ட் வாளால் பிளந்ததாகச் சொல்வார்கள். அவர் செத்த இடம் அங்கிருந்து மேற்கே வெகுதூரம். கதைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

இடைக்காலத்தில் மலையைக் கோடாக யாரும் கருதியதாகத் தெரியவில்லை. பார்சிலோனாவிலும் சரகோசாவிலும் இருந்த அரகோன் அரசகுலத்துக்கு ரூசியோன், மோன்பெலியே என்று வடக்கே நிலங்கள் இருந்தன. தூலூஸ் பிரபுவோடு மணஉறவும் இருந்தது. 1213இல் தூலூஸுக்கு அருகே முரே போர்க்களத்தில், பிரெஞ்சுச் சிலுவைப்படையோடு மோதி அரகோன் மன்னர் இரண்டாம் பேதுரு செத்துப்போனார். என் கணிப்பில் பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லைக்கு உண்மையான தொடக்கம் இந்தப் போர்தான். அன்று அவர் ஜெயித்திருந்தால் பைரனீஸ் ஒரு நாட்டின் நடுவில் ஓடும் மலையாக இருந்திருக்க வாய்ப்புண்டு. 1258இல் கோர்பெய் ஒப்பந்தத்தில் அவர் மகன் வடக்கு உரிமைகளில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார். ரூசியோன் மட்டும் இன்னும் நானூறு ஆண்டுகள் தெற்கோடு இருந்தது.

மலை நடுவே இருக்கும் குட்டி நாடான அந்தோரா பிறந்ததும் அந்த நூற்றாண்டில்தான். ஊர்கேல் ஆயருக்கும் ஃபுவா பிரபுவுக்கும் நடந்த நிலத்தகராறு 1278இல் 'இருவருக்கும் பொது' என்று தீர்ந்தது. ஃபுவா பிரபுவின் உரிமை வாரிசு வழியில் மேற்குப் பைரனீஸின் நவார் நாட்டு அரசருக்கும், அங்கிருந்து நான்காம் ஹென்றி மூலம் பிரெஞ்சு மன்னருக்கும், கடைசியில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கும் வந்து சேர்ந்தது. அரசரை நீக்கிய நாட்டின் தலைவர், பக்கத்துக் குட்டி நாட்டுக்கு இன்றும் இணை இளவரசர். இன்னொரு இளவரசர் ஊர்கேல் ஆயர். 1993 அரசியலமைப்பும் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

மேலே மன்னர்கள் இப்படி வாங்கி விற்றுக்கொண்டிருக்க, கீழே பள்ளத்தாக்குகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. காரணம் புல். கோடையில் மந்தையை மேலே ஓட்டியாக வேண்டும். நல்ல புல்வெளியும் தண்ணீரும் முகட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. அங்கே இருபக்க மந்தைகளும் மோதிக்கொள்ளும். எனவே எந்த ஊர் மாடு எந்த நாள்முதல் எந்த நாள்வரை எங்கே மேயலாம், இரவில் யார் எங்கே திரும்ப வேண்டும், மீறினால் என்ன தண்டம் என்று ஊருக்கு ஊர் எழுதிவைத்தார்கள். 1513இல் பிளான் தாரெம் என்ற இடத்தில் இருபக்கப் பள்ளத்தாக்குகள் பலவும் கூடி, பிரெஞ்சு மன்னரும் ஸ்பெயின் மன்னரும் போரிட்டாலும் எங்களுக்குள் வியாபாரமும் மேய்ச்சலும் நிற்காது என்றே ஒப்பந்தம் செய்தன. மன்னர்கள் அதைச் சகித்துக்கொண்டார்கள்.

இவற்றில் ஒன்று இன்றும் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 13 அன்று, பியர் சாந்-மார்த்தென் மேட்டில், 262ஆம் எல்லைக்கல்லின் பக்கத்தில். பிரான்ஸ் பக்கம் பரெத்து பள்ளத்தாக்கின் மேயர்கள் மூவர்ணப் பட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். ஸ்பெயின் பக்கம் ரோன்கால் பள்ளத்தாக்கின் மேயர்கள் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்பார்கள். கல்லின் மேல் ஒருவர் கைமேல் ஒருவர் கைவைத்து, இனியும் சமாதானம் என்று மூன்று முறை சொல்வார்கள். பிறகு பிரான்ஸ் பக்கத்தார் மூன்று பசுக்களைக் கொடுக்க வேண்டும்: இரண்டு வயது, ஒரே நிறம், ஒரே மாதிரிக் கொம்பு, உடம்பில் குறை எதுவும் கூடாது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஏற்பார்கள். நீரூற்றையும் புல்லையும் பற்றிய இரத்தக்களரிக்குப் பின், 1375இல் ஆன்சோ ஊரில் மத்தியஸ்தர்கள் சொன்ன தீர்ப்பு இது. ஐரோப்பாவில் இன்னும் நடைமுறையில் உள்ள மிகப் பழைய ஒப்பந்தங்களில் ஒன்று என்று சொல்வார்கள். வாக்குறுதி முடிந்ததும் விருந்து.

இதைப் படித்துவிட்டு மலைமக்கள் எல்லோரும் சமத்துவமாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்குப் பைரனீஸில் இருபுறமும் காகோ என்ற மக்களை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. செத்தாலும் தனி இடம். தச்சு வேலைக்கு அவர்கள்தான் வேண்டும், தொட்டால் தீட்டு. மொழியிலோ மதத்திலோ மற்றவர்களிடமிருந்து எந்த வித்தியாசமும் கிடையாது. ஏன் ஒதுக்கினார்கள் என்பதற்குத் தொழுநோயாளிகளின் வழிவந்தவர்கள், தோற்றுப்போன கோத்தியர் என்ற பழைய ஜெர்மானிய இனத்தின் வாரிசுகள் என்று பல விளக்கங்கள் உண்டு, ஒன்றும் நிரூபணமாகவில்லை. பிரெஞ்சுப் புரட்சியையும் 19ஆம் நூற்றாண்டையும் ஒட்டித்தான் அந்த வழக்கம் கரைந்தது. நவாரில் அரிஸ்குன் ஊரின் பொசாட்டே குடியிருப்பு அவர்களுடையது.

வீட்டு முறையும் கடுமைதான். நிலம் துண்டாகக் கூடாது என்பதற்காக வீடு, நிலம், மேய்ச்சல் உரிமை எல்லாம் ஒரே வாரிசுக்குப் போகும். மற்றப் பிள்ளைகள் கல்யாணம் செய்யாமல் அந்த வீட்டிலேயே உழைக்கலாம், அல்லது வெளியேறலாம். 19ஆம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேவுக்கும் கப்பலேறிய பாஸ்க் இளைஞர்களில் பலர் இப்படி வெளியேறிய இளைய பிள்ளைகள்.

இப்போது 1659. பிதாசோவா ஆற்றின் நடுவில் ஃபெசன்ட் தீவு. சுமார் 200 மீட்டர் நீளம்தான். பிரான்சுக்காகக் கர்தினால் மசரேனும் ஸ்பெயினுக்காக லூயிஸ் தெ ஹாரோவும் அங்கே பேசி, நவம்பர் 7 அன்று கையெழுத்திட்டார்கள். பழங்காலத்தில் கோல் நாட்டையும் (பிரான்ஸ் பக்கம்) ஹிஸ்பானியாவையும் (ஸ்பெயின் பக்கம்) பிரித்த மலையே இனி இரு அரசுகளையும் பிரிக்கும் என்று ஒரு பிரிவு. ரூசியோன் பிரான்சுக்குப் போனது. தீவு இருவருக்கும் பொது: பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயின், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்ஸ். இந்த முறை மாற்றம் இன்றும் தவறாமல் நடக்கிறது.

'பழங்காலத்தில் பிரித்த மலை' எது என்று கேட்டபோதுதான் வம்பு. 1660இல் இருதரப்பு ஆணையர்களும் உட்கார்ந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் தூலூஸ் பேராயரும் வரலாற்றறிஞருமான பியர் தெ மார்கா. ரோமானிய, கிரேக்க நூல்களைப் புரட்டி வாதாடினார்கள். செர்தானியா என்ற மேட்டுச் சமவெளியில் வந்து பேச்சு சிக்கியது. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் வெயில் கொட்டும் நல்ல விளைநிலம். நடுவில் ஓடும் செக்ரே ஆறு எப்ரோவில் சேருவது. நீர்ப்பிரிப்பின்படி முழுக்க ஸ்பெயினுடையது. ஆனால் பிரான்சுக்கு ரூசியோனிலிருந்து மறுபக்கம் போக வழி வேண்டும். பேரம் பேசி 33 கிராமங்களைப் பிரான்சுக்குத் தள்ளினார்கள். அந்த வட்டத்துக்குள் இருந்த யீவியா மட்டும் கிராமம் அல்ல, அரச சாசனம் பெற்ற நகரம். ஒப்பந்தத்தில் இருப்பது கிராமங்கள் என்று ஸ்பெயின் பிடித்துக்கொண்டது. அதனால் யீவியா இன்றும் சுற்றிலும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பெயின் ஊர். சுமார் 13 சதுர கி.மீ., ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் ஜனத்தொகை, சொந்த நாட்டோடு இணைக்க ஒரே ஒரு சாலை. அந்தச் சாலையைப் பிரெஞ்சு நெடுஞ்சாலை குறுக்கே வெட்டும் இடத்தில் பிரான்ஸ் 'நில்' பலகை வைப்பதும், யீவியாக்காரர்கள் இரவில் பிடுங்கி எறிவதுமாக 1970களில் ஒரு சண்டை நடந்தது. மேம்பாலம் கட்டித்தான் தீர்த்தார்கள்.

கரோன் ஸ்பெயினில் பிறந்து பிரான்சுக்கு ஓடுகிறது, செக்ரே பிரான்சில் பிறந்து ஸ்பெயினுக்கு ஓடுகிறது. எல்லையைத் தரையில் குறிக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. 1856, 1862, 1866 ஆகிய ஆண்டுகளின் பயோன் ஒப்பந்தங்களுக்குப் பிறகுதான் பிதாசோவா முதல் மத்தியதரைக் கடல் வரை 602 எண்ணிட்ட கற்கள் நட்டார்கள். பழைய மேய்ச்சல் ஒப்பந்தங்கள் பலவற்றை அப்போதும் ஒழிக்க முடியவில்லை, அப்படியே சேர்த்துக்கொண்டார்கள்.

கோடு உறுதியான பிறகு அதைத் துளைக்கும் ஆசை வந்தது. கான்ஃபிராங் ரயில் நிலையம் அதன் நினைவுச்சின்னம். சோம்போர் கணவாய்க்கு அடியில் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, ஸ்பெயின் பக்கம் 241 மீட்டர் நீளத்தில் அரண்மனை மாதிரி ஒரு நிலையம் கட்டி, 1928 ஜூலை 18 அன்று ஸ்பெயின் மன்னரும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரும் திறந்துவைத்தார்கள். இரு நாட்டுத் தண்டவாளமும் ஒரே அகலமில்லை. ஸ்பெயினுடையது சுமார் 23 செ.மீ. அதிகம். ஆட்களும் சரக்கும் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய நிலையம், அதனால்தான் லாபமும் இல்லை. 1970இல் பிரான்ஸ் பக்கம் ஒரு சரக்கு ரயில் பின்னோக்கி உருண்டு பாலத்தை உடைத்தது. பாலத்தைத் திரும்பக் கட்டவே இல்லை. நிலையம் பல்லாண்டு பாழாகக் கிடந்து, 2023இல் சொகுசு விடுதியாகத் திறந்தது.

இந்த மலை கண்ட பெருந்துயரம் 1939 குளிர்காலம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனா, குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவிடம் விழுந்ததும், ஜனவரி கடைசியிலிருந்து சில வாரங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் பனியில் கிழக்குக் கணவாய்கள் வழியாகப் பிரான்சுக்கு நடந்தார்கள். பிரெஞ்சு அரசு அவர்களை அர்ஷெலெஸ், சென்-சிப்ரியென் கடற்கரை மணலில் முள்வேலிக்குள் அடைத்தது. தொடக்கத்தில் கூரைகூட இல்லை. கவிஞர் அந்தோனியோ மச்சாதோ எல்லை தாண்டிச் சில வாரத்தில் கொலியூர் ஊரில் இறந்தார். முகாம்களில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது எலிசபெத் ஐடன்பென்ஸ் என்ற சுவிஸ் இளம்பெண், எல்ன் ஊரில் ஒரு பழைய மாளிகையைப் பிரசவ விடுதியாக மாற்றினார். 1944 வரை அங்கே 597 குழந்தைகள் பிறந்தன.

அடுத்த ஆண்டே கூட்டம் திசை மாறியது. நாஜிகளிடமிருந்து தப்ப, அதே பாதைகளில் வடக்கிலிருந்து தெற்கே. தத்துவவாதி வால்டர் பெஞ்சமின் 1940 செப்டம்பரில் இதய நோயோடு மலையேறிப் போர்ட்போவில் இறங்கினார். திருப்பி அனுப்பப்போவதாக ஸ்பெயின் போலீஸ் சொன்னது. அந்த இரவே விடுதி அறையில் உயிரை விட்டார். மேற்கு ஓரத்தில் ஃபுளோரென்டினோ கோய்க்கோட்செயா என்ற பாஸ்க் கடத்தல்காரர் இருநூறுக்கு மேற்பட்ட நேசநாட்டு விமானிகளை இரவில் பிதாசோவா கடத்தினார். போருக்குப் பின் லண்டனில் பதக்கம் கொடுக்கும்போது தொழில் என்ன என்று கேட்டதற்கு, "ஏற்றுமதி இறக்குமதி" என்றாராம். பள்ளத்தாக்கு ஒப்பந்தங்களும் கடத்தல் பாதைகளும் இல்லாத மலையாக இருந்திருந்தால் இவர்களில் பலர் தப்பியிருக்க மாட்டார்கள்.

விலங்குகளைப் பற்றி இரண்டு சொல்லாமல் விட முடியாது. புகார்டோ என்ற மலையாட்டினத்தின் கடைசிப் பெண் ஆடு 2000 ஜனவரியில் ஸ்பெயின் பக்கத்து ஒர்தேசா தேசியப் பூங்காவில் மரம் விழுந்து செத்தது. சேமித்த செல்லிலிருந்து 2003இல் குளோனிங் செய்த குட்டி சில நிமிடங்களே உயிரோடு இருந்தது. கரடிகள் 1990களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. 1996 முதல் ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்டதில் இன்று எண்பதைத் தாண்டியிருக்கின்றன. ஆடு வளர்ப்பவர்களுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை, அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

கடைசியாக, எந்தப் பக்கம் போவது? ஒரே பயணத்தில் இரண்டும் பார்க்கலாம். கவார்னிக்கு லூர்து நகரிலிருந்து போவது சுலபம். ஊரிலிருந்து பாறைச் சுவரின் அடிவரை நல்ல நடைபாதை உண்டு. அதே சுவரின் மறுபக்கம் ஒர்தேசா தேசியப் பூங்கா; கோடை நெரிசலில் சொந்தக் காரை உள்ளே விடமாட்டார்கள், டோர்லா ஊரிலிருந்து பேருந்து. எனக்குப் பிடித்தது ஒர்தேசா. கூட்டத்துக்கு அஞ்சினால் கிழக்கே 'போயி' (Boí) என்ற பள்ளத்தாக்கின் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்களுக்குப் போங்கள். மழை பிடிக்காது என்றால் தெற்கு, பச்சை வேண்டுமென்றால் வடக்கு. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். டூர்மலே போன்ற உயரச் சாலைகள் குளிர்காலத்தில் பனியால் மூடிக்கிடக்கும். ரோலண்ட் இடைவெளி வழியாக நடந்தே ஸ்பெயினுக்குள் இறங்கலாம், ஆனால் கோடைத் தொடக்கத்தில் அங்கே கடினப் பனி இருக்கும். காலணியில் மாட்டும் இரும்பு முள்ளும் அதில் நடந்த பழக்கமும் இல்லாமல் போக வேண்டாம். மேலே சோதனைச்சாவடி எதுவும் கிடையாது. இருந்தாலும் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சாலையில் அவ்வப்போது கேட்கிறார்கள்.